நாட்டு நெல்லும் தவிட்டுக் கணக்கும்

மாப்பிள்ளைச் சம்பாவில் எவ்வளவு இரும்புச்சத்து இருக்கிறது என்று கேட்டால் ஒற்றை எண்ணில் பதில் சொல்லிவிட முடியாது. எந்த மண்ணில் விளைந்தது, எந்தப் பருவத்தில் அறுத்தது, எத்தனை சதவீதம் தீட்டியது, புழுங்கலா பச்சரிசியா, ஆய்வகத்தில் மணியை எப்படித் துப்புரவு செய்து அளந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். தென்காசி, குற்றாலம் பக்கத்து இயற்கை அங்காடிகளில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கவே நாட்டு அரிசியைப் பற்றிய பேச்சில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இருப்பதில்லை. பூங்கார் பெண்களுக்கு நல்லது, கருப்புக் கவுனி சர்க்கரை நோய்க்கு நல்லது, காட்டுயானம் உடல் வலுவுக்கு நல்லது, எல்லாவற்றிலும் இரும்பும் துத்தநாகமும் வைட்டமின்களும் நிறைந்திருக்கின்றன என்ற அளவில் பேச்சு முடிந்துவிடுகிறது.

நாட்டு நெல் மீண்டு வந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ரகங்களை உழவர் கையில் திரும்பச் சேர்த்துவிட்டு 2018-ல் மறைந்தார் நெல் ஜெயராமன். அந்த உழைப்பின் பலன் இன்று சிற்றாற்றுப் படுகை வரை வந்திருக்கிறது. அளந்து பார்க்காத பெருமைகளை அதன் தலையில் ஏற்றினால், ஒரு நாள் யாராவது அளந்து பார்க்கும்போது நெல்லின் பெயர்தான் கெடும். அந்தக் கவலையில் எழுதுகிறேன்.

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியின் நிலம் நெல்லுக்குத் தோதான நிலம். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, மேக்கரையில் அடவிநயினார் அணை, செங்கோட்டைக்கு மேலே குண்டாறு, கடையநல்லூர்ப் பக்கம் கருப்பாநதி, தெற்கே ராமநதி, கடனாநதி என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு முழுக்கச் சிறு சிறு பாசனங்கள். தென்மேற்குப் பருவமழை மலையைத் தாண்டிச் சாரலாக விழும் ஜூன் மாதத்தில் கார் சாகுபடி தொடங்கும். வடகிழக்கு மழையை நம்பி ஐப்பசியில் பிசானம். ஒரே வயல் இரண்டு வேறு பருவமழைகளில் இரண்டு போகம் விளைகிறது. குறுகிய நாளில் கதிர் முற்றும் நெல் காருக்கும், நீண்ட நாள் நிற்கும் நெல் பிசானத்துக்கும் என்று ரகங்களும் அதற்கேற்பப் பிரிந்திருந்தன. சிற்றாறு தாமிரபரணியில் சேரும் சீவலப்பேரிப் பகுதியைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளு நெல் வகைகளை வரிசையாக அடுக்குகிறது. அத்தனை பெயர்கள் ஒரு வட்டாரத்து உழவர் வாயில் புழங்கியிருக்கின்றன. பருவம், பூச்சி, வைக்கோல், சுவை, நீர் நிற்கும் பள்ளம், காயும் மேடு என்று பல தேவைகளுக்காகக் காப்பாற்றப்பட்ட ரகங்கள் அவை. அவற்றில் ஒவ்வொன்றும் சத்திலும் வேறுபட்டிருக்குமா என்றால், வேறுபட்டிருக்கும். ஆனால் அந்த வேறுபாடு எவ்வளவு, எந்தச் சத்தில் என்பதில்தான் கவனம் வேண்டும்.

நெல் மணியின் உள்ளமைப்பிலிருந்து தொடங்கலாம். நூறு கிலோ நெல்லில் சுமார் இருபது கிலோ உமி. உமி நீங்கியதும் கிடைப்பது தீட்டாத அரிசி. அதன் மேல் படிந்திருக்கும் தவிட்டு அடுக்கும் நுனியில் இருக்கும் முளையும் சேர்ந்து எட்டு முதல் பத்து கிலோ. மிச்சம் இருப்பது வெள்ளை மாவு மணி. பி வைட்டமின்கள், இரும்பு, மெக்னீசியம், வைட்டமின் ஈ, கொழுப்பு எல்லாம் பெரும்பாலும் அந்தப் பத்தில் ஒரு பங்கில்தான் குவிந்து கிடக்கின்றன. விதை முளைக்கும்போது கன்றுக்குத் தேவைப்படும் என்று செடி அங்கே சேர்த்து வைத்தது அது. அரவை ஆலையில் அரிசியைப் பளபளப்பாகத் தீட்டும்போது அந்தச் சேமிப்பு மாட்டுத் தீவனத்துக்கும் தவிட்டு எண்ணெய்க்கும் போய்விடுகிறது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை இதை எண்ணாகக் காட்டுகிறது. நூறு கிராம் தீட்டாத அரிசியில் தயமின் எனப்படும் பி1 வைட்டமின் 0.27 மில்லிகிராம். தீட்டிய புழுங்கலரிசியில் 0.17. தீட்டிய பச்சரிசியில் 0.05. ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. மெக்னீசியமும் அப்படியே: தீட்டாததில் ஏறக்குறைய 94 மில்லிகிராம், தீட்டிய பச்சரிசியில் 19. பி6 வைட்டமின் 0.37-லிருந்து 0.12-க்கு இறங்குகிறது. இரும்பு 1.02-லிருந்து 0.65. துத்தநாகம் 1.68-லிருந்து 1.21, அது மணியின் உட்பகுதியிலும் பரவியிருப்பதால் இழப்பு குறைவு. இந்த அட்டவணையில் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் என்று ரகவாரியான வரிகள் கிடையாது. தீட்டாதது, தீட்டிய புழுங்கல், தீட்டிய பச்சை என்ற மூன்றுதான் முழு அரிசிக்கு உரிய வரிகள். நாட்டு அரிசியின் சத்தைப் பேசுகிறவர்களுக்கு இது குறையாகப் படலாம். எனக்கு இதில் ஒரு செய்தி தெரிகிறது. தட்டில் விழும் சோற்றின் சத்தை முதலில் தீர்மானிப்பது நெல்லின் பெயருக்கும் முன்னால் ஆலைக்காரர் வைக்கும் தீட்டல் அளவும், அரைப்பதற்கு முன் நெல் அவிக்கப்பட்டதா என்பதும்.

இந்த உண்மையை உலகம் கண்டுபிடித்த கதையில் தமிழர்களுக்கு ஓர் இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி அரவை ஆலைகள் பரவியபோது தென்கிழக்கு ஆசியாவெங்கும் பெரிபெரி நோய் தாண்டவமாடியது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து மனிதர்கள் செத்தார்கள். பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கும் அதே போன்ற நோய் வருவதையும், தவிடு போட்டால் குணமாவதையும் 1890-களில் கண்டார். அதே காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். பக்கத்திலேயே அதே வெயிலில், அதே கடும் உழைப்பில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு நோய் அநேகமாக வரவில்லை. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. தங்கள் கிராமத்தில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்ட மலாய் மக்களும் தப்பினார்கள். லியனார்ட் பிராடன் என்ற மருத்துவர் 1907-ல் தம் நூலில் இதை எழுதினார்; தீட்டிய அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் முடிவு. நோக்கியது சரி, காரணம் தவறு. கோலாலம்பூர் மனநல விடுதியில் வில்லியம் பிளெட்சர் ஒரு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் மறு பகுதியினருக்குச் சயாம் பச்சரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பகுதியில் நோயும் சாவும் வந்தன. பிரேசரும் ஸ்டான்டனும் 1909-ல் சாலை போடும் தொழிலாளர்களிடையே மேலும் கவனமாகச் சோதித்து, தீட்டலில் ஏதோ ஒன்று இழக்கப்படுவதே காரணம் என்று நிறுவினார்கள். அந்த ஏதோ ஒன்றைப் படிகமாகப் பிரித்தெடுக்க 1926 வரை ஆனது. எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஆராய்ச்சி நீலகிரிக்கும் வந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1918-ல் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் பின்னால் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாக வளர்ந்தது. சென்னை மாகாணத்தில் பெரிபெரி எங்கே இருக்கிறது என்று பார்த்தபோது, பச்சரிசி உண்ணும் வடசர்க்கார் மாவட்டங்களில், இன்றைய ஆந்திரக் கடற்கரையில், அது நிலைத்திருந்தது. புழுங்கல் உண்ணும் தமிழ் மாவட்டங்களில் இல்லை. மெக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டு 1937-ல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை முதன்முதலாகத் தொகுத்து வெளியிட்டார். அந்தக் கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. மேலே சொன்ன 2017 அட்டவணைக்கு வேர் குன்னூர் மலையில் இருக்கிறது.

அவிப்பதில் என்ன நடக்கிறது? நெல்லை ஊறவைக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள பி1 தண்ணீரில் கரைந்து மணியின் உள்ளே நகர்கிறது. அவிக்கும் சூட்டில் மாவு கூழாகி இறுகி அதை உள்ளேயே அடைத்துக்கொள்கிறது. பிறகு ஆலை தவிட்டைச் சீவினாலும் உள்ளே போன பங்கு தங்கிவிடும். களத்தில் நெல்லைக் காயப்போட்டுத் துழாவிய பெண்களுக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நெல் உடையாது, வண்டு அண்டாது, சோறு குழையாது என்ற காரணங்களே அவர்களுக்குப் போதும். மலாயாவில் அந்தப் பழக்கம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது.

இப்போது ரகத்துக்கு வருவோம். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். கணவாய்க்கு அப்பால் மருத்துவ நெல்லாகப் போற்றப்படுவது ஞவரா. நாட்டு நெல் ஒன்றைச் சீராக அளந்த நல்ல ஆய்வுகளில் ஒன்று இந்த ஞவராவைப் பற்றியது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-ல் ஞவராவை ஜோதி, ஐ.ஆர்.64 ஆகிய இரண்டு வீரிய ரகங்களோடும் தீட்டாத நிலையில் ஒப்பிட்டார்கள். ஞவராவில் பி1 வைட்டமின் 27 முதல் 32 சதவீதம் கூடுதலாக இருந்தது. பி2, நியாசின் இரண்டும் கூடுதல்தான், ரகத்தைப் பொறுத்து ஏற்ற இறக்கத்தோடு. மருத்துவர்களின் நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரம் கிடைத்தது. ஆனால் இந்த முப்பது சதவீதத்தையும் மேலே பார்த்த எண்பது சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல ரகம் தரும் கூடுதலைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் ஆலை பறித்துவிடுகிறது. ஞவராவையே வெள்ளையாகத் தீட்டினால் அது தீட்டாத ஐ.ஆர்.64-இன் கிட்டே வராது. வெள்ளை வெளேரென்று தீட்டிய தூயமல்லியையும் சீரகச் சம்பாவையும் சத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவோர், மணத்துக்கும் ருசிக்கும் தருகிறோம் என்று நினைத்துக் கொடுத்தால் அது நியாயமான விலை.

நிறத்தைப் பற்றி ஒரு பிழையான எண்ணம் பரவலாக இருக்கிறது. சிவப்பரிசி என்றால் இரும்பு அதிகம் என்று பலரும் நம்புகிறார்கள். சிவப்பு நிறம் இரும்பினால் வருவதில்லை. தவிட்டில் உள்ள புரோஆந்தோசயனிடின் என்ற துவர்ப்புச் சேர்மங்கள்தான் அந்த நிறம். ஏழாவது குரோமோசோமில் உள்ள ஆர்.சி என்ற மரபணு வேலை செய்தால் தவிடு சிவக்கும். அதில் 14 எழுத்துகள் விடுபட்டுப்போனதால்தான் உலகின் பெரும்பாலான நெல் வெள்ளையானது என்று 2006-ல் கண்டறிந்தார்கள். கருப்புக் கவுனியின் கருமை ஆந்தோசயனின். இவை வைட்டமின்களும் இல்லை, தாதுக்களும் இல்லை. உயிரணுக்களைச் சிதைவிலிருந்து காக்கும் குணம் இவற்றுக்கு உண்டு என்பதால் மதிக்கத்தக்கவை. ஆனால் குடலில் இதே துவர்ப்புச் சேர்மங்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும். தவிட்டில் உள்ள பைட்டிக் அமிலமும் அதையே செய்கிறது. ஆகவே தீட்டாத சிவப்பரிசியில் இரும்பு சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதில் உடலுக்குப் போய்ச் சேரும் பங்கு குறைவு. பொட்டலத்தில் எழுதிய மில்லிகிராம் வேறு, இரத்தத்தில் சேரும் மில்லிகிராம் வேறு.

எந்த அரிசியிலும் இல்லாத சத்துகளையும் சொல்லிவிட வேண்டும். மாவு மணியில் வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டின் கிடையாது. அதைக் கொண்டுவரத்தான் மரபணு மாற்றிப் பொன்னிற அரிசி உருவாக்கினார்கள். வைட்டமின் சி இல்லை. பி12 இல்லை. டி இல்லை. எல்லா வைட்டமினும் நிறைந்த அரிசி என்று ஒன்று நாட்டு ரகத்திலும் கிடையாது, வீரிய ரகத்திலும் கிடையாது.

புதிய ரகங்களில் சத்து குறைந்துவிட்டது என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. மேற்கு வங்கத்தின் விதான் சந்திர வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல பத்தாண்டுகளில் வெளியிடப்பட்ட நெல் ரகங்களை ஒரே சூழலில் வளர்த்து அளந்து 2021-ல் வெளியிட்டார்கள். 1960-களின் ரகங்களில் கிலோவுக்கு 27.1 மில்லிகிராமாக இருந்த துத்தநாகம் 2000-களின் ரகங்களில் 20.6 ஆகவும், 59.8 ஆக இருந்த இரும்பு 43.1 ஆகவும் குறைந்திருந்தன. ஏறக்குறைய கால் பங்கு சரிவு. வேரிலிருந்து மணிக்குத் தாதுக்களைக் கொண்டுசெல்லும் திறன் விளைச்சலின் வேகத்துக்கு ஈடு கொடுக்காதது ஒரு காரணமாக இருக்கலாம். இது அரசு வெளியிட்ட பழைய, புதிய ரகங்களுக்கு இடையிலான ஒப்பீடு என்பதை மறக்கக் கூடாது. இந்த இரும்பு எண்களைத் தேசிய அட்டவணையோடும் ஒட்டிப் பார்க்க முடியாது. அட்டவணையில் தீட்டாத அரிசிக்கே கிலோவுக்குச் சுமார் 10 மில்லிகிராம்தான். வளர்த்த மண், மணியைத் தயாரித்த விதம், அளந்த முறை எல்லாம் வேறு. இரும்பை அளப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. களத்து மண்ணின் தூசியும் ஆலை இரும்பின் தேய்மானமும் ஒட்டினாலே எண் எகிறிவிடும். அதனால்தான் கவனமான ஆய்வகங்கள் கூடவே அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் அளக்கின்றன. அவை கூடியிருந்தால் மணியில் மண் ஒட்டியிருக்கிறது என்று பொருள். இந்தத் துணை அளவீடு இல்லாமல் வியப்பூட்டும் இரும்பு எண்ணைக் காட்டும் எந்தத் தாளையும் நான் நம்பத் தயங்குவேன்.

தேபல் தேவ் கிழக்கிந்திய நாட்டு நெல்களைச் சேகரித்து, சென்னை ஐ.ஐ.டி.யின் பிரதீப்போடு சேர்ந்து அளந்தபோது சில ரகங்களில் இரும்பு மிக அதிகமாகவும் சிலவற்றில் மிகக் குறைவாகவும் இருந்தது. நாட்டு நெல் என்பது சத்தைப் பொறுத்தவரை ஒரே வகை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கார் பருவத்தில் நிற்கும் பூங்காரும் பிசானத்தில் நிற்கும் காட்டுயானமும் தமக்குள்ளேயே வேறுபடலாம். அதே பூங்கார் செங்கோட்டைச் செம்மண்ணிலும் சங்கரன்கோவில் கரிசலிலும் வேறுபடலாம். வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மண்ணின் இரும்பு கரைந்து வேருக்கு எளிதாகக் கிடைக்கும். துத்தநாகம் அதற்கு நேர்மாறாக முடங்கிப்போகும். ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது இதனால்தான். மண்ணில் இல்லாத துத்தநாகத்தை எந்த மூதாதை நெல்லும் உண்டாக்கித் தராது.

இங்கே ஒரு வதந்தியைத் தொட்டே ஆக வேண்டும். நூறு கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருக்கும் இரும்பு, பன்னிரண்டு மணி நேரம் ஊறிப் பழைய சோறானால் 73.91 மில்லிகிராம் ஆகிவிடும் என்று ஒரு கணக்கு ஆண்டுக்கணக்காக வாட்ஸப்பில் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். நுண்ணுயிர்களால் அதைப் படைக்க முடியாது. பானையிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்தாலன்றிச் சோற்றில் முன்னிரவு இருந்த இரும்புதான் காலையிலும் இருக்கும். புளிப்பதில் பைட்டிக் அமிலம் ஓரளவு சிதைந்து, இருக்கிற இரும்பு கொஞ்சம் எளிதாக உடலில் சேரும், அவ்வளவுதான் சொல்லலாம். பழைய சோற்றின் நல்ல குணங்கள் வேறு: வெயிலில் உழைக்கப் போகிறவருக்கு நீரும் உப்பும், குடலுக்கு உகந்த நுண்ணுயிர்களும். அந்த நல்ல உணவுக்குப் பொய்யான சான்றிதழ் தேவையில்லை.

இரும்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படும் இரும்பு 29 மில்லிகிராம். நாளைக்கு 300 கிராம் அரிசி உண்பவர் தீட்டிய பச்சரிசியில் 2 மில்லிகிராமும் தீட்டாத அரிசியில் 3 மில்லிகிராமும் பெறுகிறார். அதைப் போல இரண்டு மடங்கு இரும்புள்ள ஒரு நாட்டு ரகமே கிடைத்தாலும் 6 மில்லிகிராம்தான். பி1 கணக்கு வேறு கதை: தேவை 1.4 மில்லிகிராம், 300 கிராம் தீட்டாத அரிசி 0.8 தருகிறது, தீட்டிய புழுங்கல் 0.5, தீட்டிய பச்சரிசி 0.15. பி1, பி6, மெக்னீசியம் மூன்றிலும் தவிட்டோடு உள்ள அரிசி பாதிப் பாரத்தையே சுமக்கும். இரும்பில் எந்த அரிசியும் அப்படிச் சுமக்காது. நாட்டு அரிசியை எதற்காகப் புகழ வேண்டுமோ அதை விட்டுவிட்டு எதற்குப் புகழக் கூடாதோ அதற்குப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம்.

இரும்புக்கு நெல்லைச் சீமைச் சமையலில் வேறு வழிகள் இருக்கின்றன. தோலுள்ள கறுப்பு உளுந்தைச் சேர்த்து வடிக்கும் உளுந்தஞ்சோறு, அதற்குத் தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். வயதுக்கு வந்த பெண்ணுக்கு வீட்டார் தேடிச் செய்து கொடுப்பது இதுதான். தோலுள்ள உளுந்தில் நூறு கிராமுக்குச் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு. ஐம்பது கிராம் உளுந்து சேர்ந்தால் 3 மில்லிகிராம். அன்றைய அரிசி முழுவதும் தருவதற்குச் சமம். கூட்டாஞ்சோற்றில் பருப்போடும் காய்களோடும் விழும் முருங்கைக்கீரையில் நூறு கிராமுக்கு 4.6 மில்லிகிராம் இரும்பும், அரிசியில் அறவே இல்லாத கரோட்டின் ஏராளமும் உண்டு. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. சாப்பாட்டோடு சேரும் வைட்டமின் சி பைட்டிக் அமிலத்தின் பிடியை முறித்து இரும்பை உடலில் சேர்க்கிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதைக் கெடுக்கிறது. சிவப்பரிசி உளுந்தஞ்சோறும் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாயும் சேர்ந்த தட்டை, தனி அரிசியாக அளந்த எந்த ஆய்வகமும் புரிந்துகொள்ளாது.

கழுவுவதிலும் வடிப்பதிலும் போகிற சத்தும் உண்டு. தீட்டிய பச்சரிசியை நாலு தண்ணீர் கழுவிக் களைந்தால் மிச்சமிருக்கும் பி1-இல் பெரும்பங்கு கழனித்தண்ணியோடு போகும். புழுங்கலில் அது உள்ளே இறுகியிருப்பதால் இழப்பு குறைவு. வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்த வீடுகளில் இழந்ததில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

பொது விநியோகத் திட்டத்தில் செறிவூட்டிய அரிசியைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அரிசி மாவில் சத்துகளைக் கலந்து அரிசி வடிவிலேயே பிழிந்தெடுத்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சேர்ப்பது அதன் முறை. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 300 கிராமில் 8 முதல் 13 மில்லிகிராம் இரும்பு. எந்தத் தீட்டாத நாட்டு அரிசியும் இந்த எண்ணை எளிதில் எட்டாது. அரிசி களையும்போது அந்த மணிகளைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியும் வீடுகள் இருக்கின்றன. அப்படி எறிய வேண்டாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லுவது நல்ல காரியம். அதே சமயம், தீட்டலில் போன மெக்னீசியமும் பி6-ம் நார்ச்சத்தும் இந்த மணிகளால் திரும்புவதில்லை. ஆலையில் ஒன்றைச் சீவி எறிந்துவிட்டு இன்னொன்றைச் சேர்ப்பதைவிட, குறைவாகத் தீட்டிய புழுங்கலை அரசே கொள்முதல் செய்து கொடுக்கலாம் என்பது என் கருத்து. இதற்கு முன்னோடி உண்டு. 1934-ல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தில் ஜே.சி. குமரப்பா கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார்; கைக்குத்தலைக் காக்க 1958-ல் அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. பின்னர் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. தீட்டாத அரிசியில் உள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும் என்பதும், சாரல் மாதங்களின் ஈரத்தில் அதைக் காப்பது சிரமம் என்பதும் உண்மையான தடைகள். அவித்த நெல்லைக் குறைவாகத் தீட்டினால் அந்தத் தடையில் பெரும்பகுதி குறைகிறது. கொழுப்பைச் சிதைக்கும் நொதி அவியலிலேயே செத்துவிடும். தவிட்டில் சத்து மட்டும் குவிவதில்லை, பூச்சிமருந்து மிச்சமும் குவியும் என்பதால், தீட்டாமல் உண்ணும் நெல் நஞ்சில்லாமல் விளைந்ததாக இருக்க வேண்டும். இயற்கை வழியில் பயிரிடும் நாட்டு நெல்லுக்கு உறுதியான நியாயம் இங்கேதான் கிடைக்கிறது.

இவற்றை அளக்க வேண்டிய இடம் தொலைவில் இல்லை. 1937-ல் தொடங்கிய அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தென்காசிக்குப் பக்கம். தொடக்க கால அம்பை ரகங்கள் உள்ளூர் நெல்லிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றில் அம்பை 7 (ஏ.எஸ்.டி. 7) புகையான் பூச்சியைத் தாங்கும் மரபணுவுக்காக உலக நெல் ஆய்வில் இன்றும் பேசப்படுகிறது. 1986-ல் வந்த அம்பை 16 கார் பருவத்தின் முக்கிய நெல்லானது. பூச்சிக்கும் விளைச்சலுக்கும் தேடிய அதே கண்ணோடு சத்துக்கும் தேடலாம் என்பதற்கு 2016-ல் ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்.ஆர். தன் 45 சான்று. தீட்டிய பிறகும் அதில் கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் துத்தநாகம் நிற்கிறது.

அடவிநயினார்ப் பாசனத்தில் ஒரு வயலும் சங்கரன்கோவில் கரிசலில் ஒரு வயலும் எடுத்து, பூங்கார், குள்ளக்கார், அம்பை 16 மூன்றையும் அடுத்தடுத்த பாத்திகளில் ஒரே கார் பருவத்தில் நடலாம். பாதியை அவித்து, பாதியைப் பச்சையாக வைத்து, ஒவ்வொன்றையும் தீட்டாமலும் ஐந்து சதவீதம் தீட்டியும் முழுக்கத் தீட்டியும் பார்க்கலாம். பி1, பி6, மெக்னீசியம், துத்தநாகம், இரும்பு, பைட்டிக் அமிலம் ஆறையும், மண் ஒட்டியிருக்கிறதா என்று காட்ட அலுமினியத்தையும் அளக்கலாம். அதோடு அதே அரிசியில் வடித்த உளுந்தஞ்சோற்றையும் அளக்க வேண்டும். அதுவரை நாட்டு அரிசி விற்கும் உழவர் அமைப்புகள் பொட்டலத்தின் மேல் நோய்ப் பட்டியலை எடுத்துவிட்டு நான்கு தகவல்களை அச்சிட்டால் போதும்: விளைந்த ஊர், அறுத்த மாதம், அவித்ததா பச்சையா, தீட்டிய சதவீதம்.